23 வயதில் ஒன்று, 45 வயதில் ஒன்று: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பேச்சோடு பேச்சாக ஒரு வரி எழுதியிருந்தேன். "ஜெர்மனியில் ஒரு பெண்மணி 45 வயதில் ஐஸ் மேல் கல்லைத் தள்ளி உலகப் பட்டம் வாங்கினார்" என்று. அவ்வளவுதான். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை கேள்விகள் எல்லாம் அந்த ஒரு ஆளைச் சுற்றியும் அந்தக் கல்லைச் சுற்றியும்தான். ரப்பர் விலை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், விலை எப்படியும் அங்கேயேதான் கிடக்கும்.

எனக்கு 44 வயது. மாடிப்படி ஏறினாலே முட்டு வலிக்கிறது. மகன் உங்கள் பத்தியைக் காட்டி, "பாத்தியாம்மா, 45 வயசுல உலக சாம்பியன்" என்று கேலி செய்கிறான். யார் அவர்? சின்னப் பிள்ளைகளோடு போட்டி போட்டா ஜெயித்தார், இல்லை வயதானவர்களுக்கு என்று தனியாக நடத்தும் போட்டியா?
– வாசகி, தக்கலை

தனிப் போட்டி இல்லை அக்கா. எல்லா வயதுக்காரர்களும் ஆடுகிற உலகப் போட்டிதான். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற அணியின் தலைவிக்கு 19 வயது. இதை மகனிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பெயர் ஆந்த்ரியா ஷோப். 1965 பிப்ரவரியில் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் பிறந்தவர். வாய்க்குள் நுழையாத பேர்தான், ஆனால் அந்த ஊரைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். ஜெர்மனியின் தெற்கு மூலையில், நாட்டிலேயே உயரமான மலைக்கு (2,962 மீட்டர்) அடிவாரத்தில் இருக்கிறது. 1936-ல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தது அங்கேதான். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நீச்சல் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வருகிற மாதிரி, அங்கே பிள்ளைகளுக்கு ஐஸ்.

அவர் ஆடுகிற விளையாட்டின் பேர் கர்லிங். அது இதுதான்: நீளமான ஐஸ் தளத்தில் கைப்பிடி வைத்த ஒரு கருங்கல்லைத் தள்ளிவிட வேண்டும், அது மறுகோடியில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், எதிராளி கல்லைத் தட்டி வெளியே அனுப்பவும் செய்யலாம். ஒரு அணியில் 4 பேர். ஒரு சுற்றில் ஆளுக்கு 2 கல். கல் ஓடும்போது அதற்கு முன்னால் ஐஸைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே போவார்கள், எதற்கு என்பது கடைசிக் கேள்வியில்.

ஷோப் 1986-லேயே ஐரோப்பிய சாம்பியன், அப்போது வயது 21. அதே வருஷம் உலகப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்து கனடாவிடம் தோற்றார். மறு வருஷமும் இறுதி ஆட்டம், மறுபடியும் கனடா, மறுபடியும் தோல்வி. 1988-ல் உலகப் போட்டி கிளாஸ்கோவில். இந்த விளையாட்டு பிறந்தது ஸ்காட்லாந்தில், அதனால் அதன் தாய்வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவையாக இறுதி ஆட்டம், எதிரே யார் என்று கேட்கவே வேண்டாம், கனடாதான். இந்த முறை ஜெயித்தார். அப்போது அவர் ஆடியது மேற்கு ஜெர்மனிக்கு. அந்தப் பேரில் இன்று ஒரு நாடே கிடையாது.

23 வயதில் உலகப் பட்டம் என்றால் அடுத்த பத்து வருஷம் கொடிகட்டிப் பறந்திருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஐரோப்பாவில் அப்படித்தான் நடந்தது: 1986, 87-க்குப் பிறகு 1989, 91, 95, 98 என்று பட்டம் சேர்ந்துகொண்டே வந்தது. உலகப் பட்டம் மட்டும் திரும்பி வரவில்லை. 1998-ல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்ஸில் கர்லிங்கை முறையாகச் சேர்த்தார்கள். 8 அணிகளில் ஷோப்பின் அணிக்கு 8-வது இடம். 2002 சால்ட் லேக் சிட்டிக்கு ஜெர்மனியிலிருந்து வேறொரு தலைவியின் அணி போனது. 2006 டூரினுக்கு ஜெர்மன் பெண்கள் அணியே தகுதி பெறவில்லை. 1998-க்கு அப்புறம் ஐரோப்பியப் பட்டமும் 11 வருஷம் கிட்டே வரவில்லை.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 1988, 2010 என்று இரண்டு வருஷத்தைப் போட்டு, நடுவில் ஒரு கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கோட்டுக்குள்தான் ஆள் இருப்பதாகப் படுகிறது. 32 வயதில் ஒலிம்பிக்ஸில் கடைசி இடம், 36-ல் வீட்டிலிருந்து ஒலிம்பிக்ஸ் பார்ப்பது, 40-லும் அதே. நம் பக்கம் என்றால் இதற்குள் ஊர்க்காரர்கள் "பேசாம பிள்ளைகளுக்குப் பயிற்சி குடுக்கப் போலாமே" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்கள்.

அவர் ஆடிக்கொண்டே இருந்தார். 2009 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 7-வது ஐரோப்பியப் பட்டம். 2010 பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக்ஸ், அங்கே 6-வது இடம், பதக்கத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வான்கூவர் முடிந்த அடுத்த மாதமே, அதே கனடாவில் ஸ்விஃப்ட் கரன்ட் என்ற சின்ன ஊரில் உலகப் போட்டி. இறுதி ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட். அந்தப் பெண் பிறந்தது 1990-ல், அதாவது ஷோப் முதல் உலகப் பட்டம் வாங்கிய போது அவர் பிறக்கவே இல்லை. ஆட்டம் சமனில் நின்று கூடுதல் சுற்றுக்குப் போனது. ஷோப் ஜெயித்தார். இரண்டு பட்டத்துக்கும் நடுவே 22 வருஷம்.

மியூர்ஹெட்டை ஏதோ கிடைத்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 2013-ல் அவர் உலக சாம்பியன், 2022 பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம். அப்பேர்ப்பட்ட ஆளிடம்தான் ஜெயித்தார்.

முட்டு வலி விஷயம். கல்லை விடும்போது ஒரு காலை முழுசாக மடக்கி, இன்னொரு காலைப் பின்னால் நீட்டி, ஐஸ் மேலேயே தாழ்வாகச் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். அதில் முட்டு தப்பாது. குனிய முடியாதவர்கள் நின்றபடியே தள்ள ஒரு நீளக் கம்பும் இருக்கிறது, வயதானவர்கள் நிறையப் பேர் அதை வைத்துத்தான் ஆடுகிறார்கள். மகன் அடுத்த தடவை கேலி செய்தால் அந்தக் கம்பை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

நான் கபடி ஆடியவன். 1992-லும் அவர் ஒலிம்பிக்ஸில் ஜெயித்ததாக என் நண்பன் சொல்கிறான், பதக்கப் பட்டியலில் தேடினால் ஜெர்மனிக்கு அப்படி ஒரு தங்கமே இல்லை. யார் சொல்வது சரி?
– வாசகர், வெள்ளமடம்

இரண்டு பேரும் சரி. 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்ஸில் கர்லிங் காட்சி விளையாட்டு மட்டுமே. "இப்படி ஒன்று இருக்கிறது, பாருங்கள்" என்று ஆடிக் காட்டுவது. ஆட்டம் நிஜம், எதிராளிகள் நிஜம், முதலில் வந்தது ஷோப்பின் அணி. கணக்கில் மட்டும் சேராது.

கபடிக்காரரான உங்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் கபடி காட்சி விளையாட்டாகத்தான் நடந்தது, 1990 பெய்ஜிங்கில்தான் பதக்கத்தோடு சேர்ந்தது. 82-ல் ஆடியவர்களும் அதே மண்ணில், அதே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஆடினார்கள்.

ஷோப்புக்குக் காலம் செய்த வேலை கொஞ்சம் குரூரம் என்றே சொல்வேன். அவர் உச்சத்தில் இருந்தபோது ஒலிம்பிக்ஸில் கர்லிங்குக்குப் பதக்கம் கிடையாது. பதக்கம் வந்த பிறகு இரண்டு தடவை போனார், 8-வது, 6-வது. பட்டியலை மட்டும் பார்க்கிறவனுக்கு அவர் ஒலிம்பிக்ஸில் ஒன்றுமே செய்யாத ஆள்.

எங்கள் மன்றத்தில் தினமும் கேரம் ஆடுவோம். கர்லிங் பெரிய சைஸ் கேரம் மாதிரிதானே? அப்படியானால் ஷோப் ஷோப் என்று ஒரே ஆள் பேரைச் சொல்கிறீர்களே, மற்ற மூன்று பேர் பெருக்க மட்டும் வந்தவர்களா?
– வாசகர், திங்கள்சந்தை

கேரம் மாதிரி என்று நீங்கள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கேரமில் காய் பைக்குள் போக வேண்டும், இங்கே கல் நிற்க வேண்டும். நிறுத்துவது போடுவதைவிடக் கஷ்டம். கிட்டத்தட்ட 38 மீட்டர் தள்ளி இருக்கிற நடுப்புள்ளியைப் பார்த்துத் தள்ளுகிறோம். ஒரு முழம் கூடினாலும் குறைந்தாலும் கதை மாறிவிடும்.

அணிக்குத் தலைவியை ஸ்கிப் என்பார்கள். அணியின் பேரே அவர் பேர்தான், நம் பக்கம் "மேஸ்திரி ஆளுங்க" என்று சொல்கிற மாதிரி. மற்றவர்கள் கல்லை விடும்போது ஸ்கிப் மறுகோடியில் வட்டத்துக்குள் நின்று துடைப்பத்தைக் காட்டி "இங்கே விடு" என்பார், பெருக்கு, நிறுத்து என்று அங்கிருந்தே கத்துவார். பெரும்பாலும் கடைசி இரண்டு கல்லும் அவருடையதுதான். ஒரு சுற்றில் அணிக்கு 8 கல், மொத்தம் 16, உலகப் போட்டியில் 10 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அணிக்கு மட்டும்தான் புள்ளி. நடுப்புள்ளிக்குக் கிட்டே யார் கல் நிற்கிறதோ அவருக்கு. எதிராளியின் கிட்டத்துக் கல்லைவிட உள்ளே எத்தனை நிற்கிறதோ அத்தனை புள்ளி.

இதில் ஒரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புள்ளி எடுத்த அணி அடுத்த சுற்றில் கடைசிக் கல் விடும் உரிமையை எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருமே புள்ளி எடுக்கவில்லை என்றால் உரிமை இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் கையில் கடைசிக் கல் இருக்கிறது, ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்கிற நிலையில், வேண்டுமென்றே கல்லை வட்டத்துக்கு வெளியே விட்டுவிடுவார்கள். கிடைத்த ஒன்றை வேண்டாம் என்று சொல்லி, அடுத்த சுற்றில் இரண்டுக்குக் காத்திருப்பது. முதல் தடவை பார்த்தபோது அந்த அம்மாவுக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்து நான் உச்சுக் கொட்டினேன். கை தவறவில்லை, எனக்குத்தான் விவரம் பத்தவில்லை. 45 வயதுக்காரர் 19 வயதுக்காரரை எப்படி ஜெயித்தார் என்று கேட்டால், இந்த மாதிரிக் கணக்கு போட்டுப் போட்டுத் தழும்பேறிய தலை என்றுதான் சொல்வேன்.

மற்ற மூன்று பேர் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். மோனிகா வாக்னர் 1988 உலகப் பட்ட அணியில் இருந்தார், 22 வருஷம் கழித்து வான்கூவர் அணியிலும் இருந்தார். இத்தனை காலம் ஒரே ஆள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு பெருக்குவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும், எங்கள் வீட்டில் அரை மணி நேரம் தாங்காது. அப்புறம் ஸ்டெல்லா ஹைஸ் என்ற பெண், 2010-ல் அவருக்கு 17 வயது, தலைவிக்கு மகள் வயது. அதே வருஷம் அவரும் உலக சாம்பியன். ஒரே அணியில் 45-ம் 17-ம் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு வேறு எத்தனை இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் மன்றத்துக்காகவே சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கல்லில் தன் துடைப்பமோ காலோ பட்டுவிட்டால், பட்டவரே "என் கைதான்" என்று சொல்லிவிட வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும் சொல்ல வேண்டும். இனி தேற முடியாது என்று தெரிந்தால், சுற்று மிச்சம் இருந்தாலும் கை குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கேரம் போர்டில் முழங்கை பட்டு ரெட் நகர்ந்ததற்கு இரண்டு மாதம் பேசாமல் இருந்த ஆட்களை எனக்குத் தெரியும். (ஒருவர் நான்.)

நாங்கள் தலைமுறையாகக் கல் கொத்துகிறவர்கள். கருங்கல் என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் கல்? நம்ம ஊர்க் கல்லில் அதைச் செய்ய முடியாதா?
– வாசகர், மயிலாடி

மயிலாடியிலிருந்து கல்லைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கச் சொல்கிறீர்கள், சரி, விற்கிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் அய்ல்சா கிரெய்க் என்று ஒரு தீவு. ஆள் குடியிருப்பு கிடையாது, கடற்பறவைகள்தான். விவேகானந்தர் பாறையைப் பல மடங்கு பெரிதாக்கி, மலை உயரத்துக்குத் தூக்கிக் கடலில் தள்ளி வைத்த மாதிரி என்று மனதில் படம் போட்டுக்கொள்ளுங்கள். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறை அது. ஒலிம்பிக்ஸில் ஓடுகிற கற்கள் அங்கிருந்துதான் வருகின்றன. இப்போது வெடி வைத்து உடைப்பதில்லை, பறவைகளுக்குத் தொந்தரவு என்று. பல வருஷத்துக்கு ஒருமுறை போய் விழுந்து கிடக்கும் பாறைகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். 2013-ல் அப்படி ஒரு தடவை அள்ளினார்கள். கல் உடைப்பில் நம் மாவட்டத்து மலைகள் பட்ட பாட்டைப் பார்த்த எனக்கு அதைப் படித்தபோது கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

அங்கே இரண்டு வகைக் கல் எடுக்கிறார்கள். ஒன்று மோதலைத் தாங்கும், அது கல்லின் உடம்புக்கு. இன்னொன்று மிக நுண்ணிய பொடி மணிக் கல், நீல நிறம், தண்ணீரை உறிஞ்சாது, அது ஐஸைத் தொடும் அடிப்பாகத்துக்கு. உங்களுக்கு உடனே புரிந்திருக்கும்: கல்லுக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தால் விரிந்து, செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். நம்ம ஊரில் கல்லுக்கு அந்தப் பிரச்சினையே வந்ததில்லை, அதனால் நம் கல் அதைத் தாங்குமா என்று யாரும் சோதிக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

எடை அதிகபட்சம் 20 கிலோவுக்கு ஒரு பிடி கம்மி, சுற்றளவு 91 சென்டிமீட்டர் சொச்சம். அடிப்பாகம் தட்டையாக இருக்காது, உள்ளே குழித்திருப்பார்கள். தரையில் படுவது ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான். ஸ்டிர்லிங்கில் 1511 என்று வருஷம் பொறித்த பழைய கர்லிங் கல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கல்லில் எண் வெட்டுகிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு போல.

நம்ம மாவட்டத்தில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இதை எல்லாம் எழுதி யாருக்கு என்ன பிரயோசனம்?
– வாசகர், குளச்சல்

ஒரு பிரயோசனமும் இல்லை அண்ணே. ஆனால் உங்கள் கடிதம் முழுசாக மூன்று பக்கம், அதில் ஷோப் பேர் ஐந்து இடத்தில் வருகிறது.

துடைப்பத்தால் எதற்குப் பெருக்குகிறார்கள், தூசியா? அப்புறம் கல் நேராகப் போகாமல் வளைகிறதே, அது எப்படி? எங்கள் இயற்பியல் சாரிடம் கேட்டேன், "சுழல்வதால்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.
– பிளஸ் டூ மாணவி, குலசேகரம்

சாரைக் குறை சொல்லாதே மக்களே, பெரிய பெரிய ஆட்களே இதில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் பெருக்குவது. அந்த ஐஸ் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன்னால் அதன் மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளிப்பார்கள், துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்து சின்னச் சின்னப் புடைப்பாக நிற்கும், மழை தூறி நின்ற தார் ரோட்டைக் குனிந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. கல் ஓடுவது அந்தப் புடைப்புகளின் தலையில். முன்னால் வேகமாகத் தேய்த்தால் அவை லேசாகச் சூடாகும், உராய்வு குறையும், கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும். அதாவது கையை விட்டுப் போன கல்லையும் திருத்தலாம். ஷோப் மறுகோடியிலிருந்து தொண்டை கிழியக் கத்துவது இதற்குத்தான்.

இனி வளைவு. வீட்டில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, வழுவழுப்பான மேஜை மேல் கடிகாரச் சுற்றில் சுழற்றித் தள்ளிப் பார். அது இடது பக்கம் வளையும். கர்லிங் கல்லை அதே சுற்றில் விட்டால் வலது பக்கம் வளைகிறது. நேர் எதிர்! டம்ளருக்குக் காரணம் எளிது. ஓடும்போது முன்விளிம்பு மேஜையை அழுத்துகிறது, அங்கே உராய்வு கூடுகிறது, அது டம்ளரை இடப்பக்கம் தள்ளுகிறது. கல்லுக்கு அந்தக் கணக்கு உதைக்கிறது. முன்பக்கம் அழுத்தத்தில் ஐஸ் லேசாக உருகி உராய்வு குறைகிறது என்று ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, கல்லின் முன்விளிம்பு ஐஸில் நுண்ணிய கீறல் போடுகிறது, பின்விளிம்பு அந்தக் கீறல்களில் சிக்கித் திரும்புகிறது என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013-ல் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் ஓட்டை இருக்கிறது என்று மற்றவர்கள் திருப்பி எழுதினார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. ஷோப் இந்தச் சண்டை எதுவும் தீரும்வரை காத்திருக்காமல் கல்லை வளைத்து இரண்டு உலகப் பட்டம் வாங்கிவிட்டார், அது வேறு விஷயம்.

சோதனைக்கு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொள். இதை எழுதுவதற்கு முன்னால் நான் கண்ணாடி டம்ளரில் செய்து பார்த்தேன். சொன்னபடியே இடது பக்கம்தான் வளைந்தது, ஆனால் மேஜை அங்கேயே முடிந்துவிட்டது.